பழைய அளவுகோலும் புதிய பாதையும்



விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக மயிலாடுதுறை செல்லும் இருப்புப்பாதை நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்தது. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1000 மில்லிமீட்டர் இடைவெளி. அதுவே அப்பாதையின் இலக்கணம். பின்னர் அது அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2010ஆம் ஆண்டில் மீண்டும் வண்டிகள் ஓடத் தொடங்கின. இன்று அங்கே இடைவெளி 1676 மில்லிமீட்டர். பழைய பாதையைச் சோதிப்பதற்கென்றே செய்த ஓர் அளவுகோலை எடுத்து இன்றைய பாதையின்மீது வைத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். "பாதை பிழை" என்றே அக்கோல் கூறும். கோல் கெடவில்லை, பாதையும் கெடவில்லை. ஆயினும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. இந்நிலையில் என்ன செய்வது? கோலைத் தூக்கி எறிவதா? பாதையை மீண்டும் குறுக்குவதா? இரண்டுமன்றி மூன்றாவது வழி ஒன்று உண்டா?

இதே கேள்வி கணிப்பொறி உலகில் சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்தது. அதற்கு அறிவாளர் கண்ட விடை, கணிப்பொறி பயில்வோர்க்கு மட்டுமன்றி, அளந்தும் சோதித்தும் வேலை செய்யும் எவர்க்கும் பயன்படக் கூடியது. ஆதலின் அதனை இன்று நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் நினைவகம் என்பது யாது என்று பார்ப்போம். கணிப்பொறியின் நினைவகம், வரிசையாக எண்ணிடப்பட்ட சிறு அறைகளின் நீண்ட தெரு. ஒவ்வோர் அறைக்கும் பைட் என்று பெயர். ஒவ்வொரு பைட்டிலும் 8 பிட்டுகள் உண்டு. சி என்னும் மொழியில் நிரல் எழுதுவோர், "எனக்குப் பத்து அறைகள் வேண்டும்" என்று கேட்டுப் பெறலாம். ஆனால் பத்து அறை பெற்றவர் பதினொன்றாம் அறையில் எழுதினால், அம்மொழி அவரைத் தடுப்பதில்லை. பதினொன்றாம் அறை வேறொருவருடையதாக இருக்கலாம். அவர் வைத்த எண் அழிந்துபோகும். அழிந்தது அப்போது தெரியாது. வேறொரு நேரத்தில், வேறோர் இடத்தில், தொடர்பே இல்லாததுபோல் ஒரு கேடு தோன்றும். ஓர் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் அதனுள் நுழைவதும் இத்தகைய பிழையே.

இப்பிழைகள் சிறியவை அல்ல. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' என்னும் குறை இதற்குச் சான்று. 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மறைகுறி நூலகத்தில், எதிர்முனையில் உள்ளவர் கூறும் நீளத்தைச் சரிபாராமல் அப்படியே நம்பிவிட்டனர். அதனால் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 64 கிலோபைட் வரை, கேட்டவர்க்கு உரிமையில்லாத நினைவகச் செய்தி வெளியே போயிற்று. கடவுச்சொற்களும் மறைதிறவுகளும் அதில் இருக்கக்கூடும் என்பதால் உலகெங்கும் நிறுவனங்கள் கலங்கின. ஒரு வரி சரிபார்ப்பு இல்லாத குறை அது.

இத்தகைய பிழைகளைப் பிடிக்க எழுந்த கருவிகளுள் தலைசிறந்த ஒன்று 'அட்ரஸ் சானிடைசர்'. கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்த கான்ஸ்டன்டின் செரெப்ரியானியும் அவருடைய தோழர்களும் 2012ஆம் ஆண்டில் இதனை ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். முதலில் எல்.எல்.வி.எம். என்னும் தொகுப்பித் திட்டத்தில் இடம்பெற்ற இக்கருவி, 2013ஆம் ஆண்டில் ஜி.சி.சி. தொகுப்பியின் 4.8ஆம் பதிப்பிலும் சேர்ந்தது. தொகுப்பி என்பது நாம் எழுதும் நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் நிரல் என்பது நீங்கள் அறிந்ததே.

இது வேலை செய்யும் முறை எளிமையும் அழகும் உடையது. நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் ஒரு பைட் வீதம் 'நிழல் நினைவகம்' ஒன்றை இது வைத்துக்கொள்கிறது. உண்மை முகவரியை 8ஆல் வகுத்து, ஒரு நிலையான எண்ணைக் கூட்டினால் நிழலின் முகவரி கிடைத்துவிடும், தேடவே வேண்டியதில்லை. நிழலில் 0 இருந்தால் அந்த 8 பைட்டுகளையும் தொடலாம். 5 இருந்தால் முதல் ஐந்தை மட்டுமே தொடலாம். குறை எண் இருந்தால் ஒன்றையும் தொடலாகாது. நீங்கள் 13 பைட் கேட்டால், முதல் எட்டுக்கு நிழல் 0. அடுத்த ஐந்துக்கு நிழல் 5. பதினான்காம் பைட்டைத் தொட்டவுடன் கருவி நிரலை நிறுத்தி, எந்த வரியில் தவறு நேர்ந்தது என்று அறிவிக்கும். கொடுக்கும் இடங்களுக்கு இருபுறமும் எவரும் தொடக்கூடாத வேலி நிலம் விட்டுவைக்கும். திருப்பிக் கொடுத்த இடத்தை உடனே பிறர்க்கு அளிக்காமல் சிறிது காலம் ஒதுக்கி வைக்கும். இவ்வளவும் செய்தும் நிரலின் ஓட்டம் ஏறத்தாழ இரு மடங்கே தாமதமாகிறது. கிடைக்கும் பயனை நோக்க இது மிகச் சிறு விலை.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நிரல் தானே எழுதும் இடங்களைக் கருவி கண்காணிக்கலாம். ஆனால் நிரல் சில வேளைகளில் இயக்க முறைமையின் கருவகத்தை அழைத்து, "இந்த இடத்தில் இன்ன செய்தியை நிரப்பித் தருக" என்று கேட்கிறது. கருவகம் எழுதுவதைக் கண்காணிக்கக் கருவிக்கு வழியில்லை. ஆகவே அவ்வழைப்புகளை அது இடைமறித்து, "கருவகம் இத்தனை பைட் எழுதப்போகிறது, அவ்வளவு இடம் உண்டா?" என்று முன்னரே கணக்கிடுகிறது. அதற்குச் செய்திப் பதிவுகள் ஒவ்வொன்றின் வடிவமும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கணினியிலுள்ள சி நூலகத்தின் தலைப்புக் கோப்புகளை அப்படியே சேர்த்துக்கொண்டால், கருவியின் சொந்த அறிவிப்புகளோடு அவை மோதும். எனவே ஒவ்வொரு பதிவின் வடிவத்தையும் தன்னிடம் ஒரு படியாக எழுதி வைத்துக்கொள்கிறது.

படி என்றால் மூலத்தோடு ஒப்பிட வேண்டுமன்றோ? ஏடு பெயர்த்து எழுதிய நம் முன்னோர், படியை மூல ஏட்டோடு வைத்துப் பார்த்த பின்னரே அதனை ஏற்றனர். அவ்வாறே இக்கருவியை உருவாக்கியோரும், கருவியைத் தொகுக்கும் வேளையிலேயே, பதிவின் ஒவ்வொரு புலமும் மூலத்தில் உள்ள இடத்தில், மூலத்தில் உள்ள அகலத்தோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளை வைத்தனர். அச்சோதனையை அமைத்த விதம் சுவையானது. சோதனை மெய்யாயின் 1 என்றும், பொய்யாயின் −1 என்றும் விடை வருமாறு ஒரு கணக்கை எழுதி, அவ்விடையை ஓர் அணியின் நீளமாகக் கொடுத்தனர். ஒன்று நீளமுள்ள அணி இருக்கலாம். குறை ஒன்று நீளமுள்ள அணி எங்கும் இல்லை. ஆகவே சோதனை பொய்த்தால், "அணியின் நீளம் குறை எண்" என்று கூறித் தொகுப்பி நின்றுவிடும். ஒப்பாத படியோடு கருவி பிறக்கவே இயலாது.

இனி நம் கதைக்கு வருவோம். லினக்ஸ் முதலிய முறைமைகளில், தனித்தனியே ஓடும் நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளப் பொது நினைவகம், செய்தி வரிசை, செமஃபோர் என்னும் மூன்று வழிகள் பழங்காலத்திலிருந்து உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரியவர் யார், படைத்தவர் யார், எவரெவர் படிக்கலாம், எழுதலாம் என்பனவற்றைக் கூறும் ஓர் உரிமைப் பதிவு உண்டு. 'ஐ.பி.சி. பெர்ம்' என்பது அதன் பெயர். அதனுள் 'மோடு' என்னும் புலம், அனுமதிகளைக் குறிப்பது. லினக்சில் பெரிதும் வழங்கும் 'ஜிலிப்சி' என்னும் சி நூலகம், 2.30ஆம் பதிப்பு வரை, பல பொறிவகைகளில் இப்புலத்தை 16 பிட் அகலத்தில் வைத்திருந்தது. அதனை அடுத்து 16 பிட் வெற்றிடம். ஆனால் 'போசிக்ஸ்' என்னும் பொதுத் தரநூலோ, இப்புலம் 'மோடு-டி' என்னும் வகையினதாக இருக்கவேண்டும் என்கிறது. ஜிலிப்சியில் அவ்வகையின் அகலம் 32 பிட். தரநூலுக்கு மாறான இக்குறையைத் திருத்தி, 2020 பிப்ரவரியில் வெளிவந்த 2.31ஆம் பதிப்பில் புலத்தை 32 பிட்டாக அகலப்படுத்தினர்.

கணக்கைப் பாருங்கள். பழைய 16 பிட்டும், அதனை அடுத்த வெற்றிடம் 16 பிட்டும் சேர்ந்து 32 பிட் ஆயின. புலம் தொடங்கும் இடம் மாறவில்லை. பதிவின் மொத்த நீளமும் மாறவில்லை. சிறு முனையை முன்வைக்கும் இன்டெல் வகைப் பொறிகளில், 16 பிட்டாகப் படிக்கும் பழைய நிரலுக்கும் அதே எண்ணே கிடைக்கும். பெரு முனையை முன்வைக்கும் பொறிகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆக, திருத்தம் முறையானது, அமைதியானது.

ஆனால் சானிடைசரின் படியில் அப்புலம் இன்னும் 16 பிட்டாகவே இருந்தது. சோதனை இரண்டையும் ஒப்பிட்டது, ஒவ்வாமை கண்டது, விடை −1 ஆயிற்று, தொகுப்பு நின்றது. புதிய கணினியில் பழைய ஜி.சி.சி. பதிப்பைத் தாமே தொகுக்க முனைந்தோர் பலர் இத்தடையில் வந்து மோதினர். நெடுநேரம் ஓடிய தொகுப்பு இடையில் நின்று, "அணியின் நீளம் குறை எண்" என்று கூறினால், அதனைக் காண்பவர்க்கு உரிமைப் பதிவும் மோடு புலமும் நினைவுக்கு வருமோ? வாரா. 'நான் எந்த அணியும் எழுதவில்லையே' என்றே திகைப்பர்.

இத்திருத்தம் செய்தோர் நடந்துகொண்ட முறையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஜிலிப்சியின் மாற்றம் வளர்நிலை மூலத்தில் 2019ஆம் ஆண்டிலேயே நுழைந்துவிட்டது. முதலில் 32 பிட் 'ஆர்ம்' பொறிவகையில் தடை தென்பட்டதால், அவ்வகைக்கு மட்டும் அந்தச் சோதனையை நிறுத்தினர். பின்னர், தடை அவ்வகைக்கு மட்டும் உரியதன்று, இன்டெல் வகை உள்ளிட்ட பலவற்றுக்கும் பொதுவானது என்பது தெரிந்தது. அப்போது அவர்கள் சோதனையை எங்கும் நிறுத்திவிடவில்லை. மூன்று செயல்கள் செய்தனர். படியில் இருந்த புலத்தைப் புதிய வடிவுக்கு ஏற்ப 32 பிட்டாகத் திருத்தினர். ஜிலிப்சி 2.31ஆம் பதிப்பும் அதற்குப் பிற்பட்டனவும் உள்ள இடங்களில் சோதனை தொடர்ந்து நடக்குமாறும், முற்பட்டன உள்ள லினக்ஸ் இடங்களில் மட்டும் விலகி நிற்குமாறும் நிபந்தனை இட்டனர். 'பழைய பதிப்புகள் பல பொறிவகைகளில் 32க்குப் பதிலாக 16 பிட் புலம் தந்தன' என்று காரணத்தையும் அவ்வரிக்கு அருகிலேயே எழுதி வைத்தனர். பதிவின் மொத்த நீளத்தைப் பார்க்கும் சோதனையோ எங்கும் தொடப்படாமல் நின்றது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. புதிய பாதைக்குப் புதிய கோல் செய்க. பழைய பாதை எஞ்சியுள்ள இடத்தில் புதிய கோலை வைக்காதே. எந்தக் கோல் எந்தப் பாதைக்கு என்பதைக் கோலின்மீதே எழுதி வை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை இருப்புப்பாதை இன்றும் 1000 மில்லிமீட்டர் அகலமுடையதே. சிதம்பரத்துக்குச் சரியான கோல் அங்கே பொய்த்துவிடும்.

ஒவ்வாத சோதனையை விலக்குவது அவ்வளவு இன்றியமையாததா என்று சிலர் கேட்கலாம். ஆம் என்பதே என் கருத்து. கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் இக்கரையைத் தாக்கியதை நம் மாவட்டம் எளிதில் மறவாது. புயல் இல்லாத நாளெல்லாம் அக்கூண்டு ஏறியே நின்றால், மீனவர் எத்தனை நாள் அதனை மதிப்பர்? பொய்யாக ஒலிக்கும் எச்சரிக்கை, மெய்யான எச்சரிக்கையின் மதிப்பையும் உடன் அழித்துவிடும். ஆகவே பொய்க்கும் சோதனையை விலக்குவதும் சோதனையைக் காப்பதன் ஒரு பகுதியே.

ஆனால் எது பொய்க்கிறது என்பதை அறியாமல் விலக்குவது பெருங்கேடு. 2006ஆம் ஆண்டில் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 'வால்கிரைண்டு' என்னும் நினைவகச் சோதனைக் கருவி, ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகத்தில் மதிப்பிடப்படாத நினைவகம் பயன்படுகிறது என்று எச்சரித்தது. அவ்வெச்சரிக்கையை அடக்கும் பொருட்டு இரண்டு வரிகளை நீக்கினர். அவற்றுள் ஒன்று, மறைதிறவு ஆக்குவதற்கு வேண்டிய தற்செயல் எண்களைக் கலக்கும் உயிர்நிலையான வரி. விளைவு என்ன? எண்ணிலடங்காதனவாய் இருக்கவேண்டிய மறைதிறவுகள், ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் ஏறத்தாழ 32,768 என்னும் சிறு தொகைக்குள் அடங்கிவிட்டன. அத்தனையையும் ஒரு கணிப்பொறி எளிதில் முயன்று பார்த்துவிடலாம். 2008 மே மாதம் வரை இக்குறையை எவரும் கண்டிலர். எச்சரிக்கை ஓய்ந்தது, பாதுகாப்பும் அதனோடு ஓய்ந்தது.

இன்னொரு சான்று வானத்தில் நிகழ்ந்தது. 1996 ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பிய நாடுகளின் ஏரியேன் 5 ஏவூர்தி தன் முதற் பயணத்திலேயே, ஏறத்தாழ 40 விநாடிகளில் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்க முயன்றபோது அது கொள்ளவில்லை. அத்தகைய ஏழு எண்களுள் நான்குக்குப் பாதுகாப்புச் சோதனை வைத்து, மூன்றுக்கு வைக்காமல் விட்டிருந்தனர். கணிப்பொறியின் சுமையைக் குறைக்கவே அவ்வாறு செய்தனர். முந்தைய ஏரியேன் 4இன் பறக்கும் பாதைக்கு அம்முடிவு பொருந்தியிருந்தது. புதிய ஊர்தி வேறு பாதையில் விரைந்தது; எண் பெருகியது; காப்பு இல்லை. விசாரணைக் குழு கண்ட ஒரு செய்தி நம் நெஞ்சில் பதியத்தக்கது: சோதனையை ஏன் விட்டனர் என்னும் காரணம் நிரலின் மூலத்தில் நேரடியாக எழுதப்படவில்லை.

அண்ணாமலைநகரிலும் கடலூரிலும் கணிப்பொறி பயிலும் இளைஞரோடு நான் பேசும்போது, "தடை வந்தால் அந்த வரியை அழித்துவிட்டால் போகிறது" என்று சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். அவர்கள்முன் மூன்று வழிகளை நான் வைப்பதுண்டு. சானிடைசர் நூலகத்தையே விட்டுவிட்டு ஜி.சி.சி.யைத் தொகுக்க ஒரு விருப்பச்சொல் உண்டு; தொகுப்பி மட்டும் போதும் என்பவர்க்கு அது தக்கதே; ஆனால் நினைவகப் பிழை பிடிக்கும் கருவி கைவிட்டுப் போகும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். ஒப்பிடும் வரியை மட்டும் அழிப்பது இரண்டாவது. அன்றைய வேலை நடக்கும், நாளை மெய்யான மாற்றம் ஒன்று வந்தால் சொல்வார் இரார். திருத்தம் அடங்கிய பதிப்பைப் பெறுவது, அல்லது அத்திருத்தத்தைத் தம் மூலத்தில் சேர்ப்பது மூன்றாவது, ஜி.சி.சி.யின் 10ஆம் பதிப்பில் அது உண்டு. சிறிது உழைப்பு மிகுதி எனினும் மூன்றாவதே சிறந்தது.

எந்தச் சோதனையையும் நிறுத்துமுன் நான்கு கேள்விகளுக்கு விடை காணுங்கள். இச்சோதனை எதனை எதனோடு ஒப்பிடுகிறது? இரண்டனுள் மாறியது எது, அம்மாற்றம் முறையானதா? சோதனை எங்கே பொருந்தாது, எங்கே இன்னும் பொருந்தும்? நிறுத்திய காரணத்தை அடுத்து வருபவர் கண்ணில் படுமாறு எழுதினேனா? இந்நான்கில் ஒன்றுக்கேனும் விடை இல்லையாயின், கையை எடுத்துவிட்டு மீண்டும் படியுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஜி.சி.சி., எல்.எல்.வி.எம். இரண்டும் எவரும் விலையின்றிப் பெறத்தக்கவை. அவற்றின் மூலத்தை எவரும் படிக்கலாம். நீங்கள் கல்லூரிப் பயிற்சிக்கு எழுதிய ஒரு சி நிரலை எடுத்து, சானிடைசரைச் சேர்த்து ஒரு முறை தொகுத்து ஓட்டிப் பாருங்கள். சரியாகவே ஓடுகிறது என்று எண்ணியிருந்த நிரலில், அணியின் எல்லையைத் தாண்டிய ஓரடி எங்கேனும் இருந்தால் அது சுட்டிக் காட்டும். அவ்வாறு சுட்டும்போது சினம் கொள்ளாமல், அது கூறும் வரி எண்ணை முதலில் பாருங்கள்.